14 மாசம் ஒரு ஆர்ட்டிஸ்ட் மேனேஜ்மென்ட் கம்பெனியோட இருந்தோம், எங்க பேண்டோட முழு ரிவ்யூ

நாங்க அஞ்சு பேரு, மதுரை பசங்க, சொந்தமா தமிழ்ல பாட்டு போடுற பேண்டு. நான் கீபோர்டு. மேடைல ஏறாத ஆறாவது ஆளு ஒருத்தங்க இருக்காங்க, பாட்டு எழுதுறவங்க, மேலூர் பக்கம் ஸ்கூல் டீச்சர். 2019ல காலேஜ் ஃபைனல் இயர்ல ஆரம்பிச்சோம், லாக்டவுன்ல ஆளாளுக்கு வீட்ல போர்வைய போத்திக்கிட்டு ரெக்கார்டு பண்ணி ரெண்டு பாட்டு விட்டோம், அப்புறம் மூணாவது பாட்டு ரீல்ஸ்ல கொஞ்சம் ஓடுச்சு. அந்த சமயத்துலதான் சென்னைல இருந்து ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி கூப்பிட்டாங்க, "நீங்க பாட்டு மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்"னு. அவங்க கூட 14 மாசம் இருந்துட்டு வெளிய வந்தாச்சு. கம்பெனி பேரு போடல, செட்டில்மென்ட் பேச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு, அதோட இந்த மாதிரி பேக்கேஜ் நீட்டுற எடம் ஒண்ணு ரெண்டு இல்ல. சொந்தமா பாட்டு போட்டுட்டு யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு காத்திருக்குற பசங்களுக்கு உதவும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல என்ன குடுத்தாங்கன்னு சொல்லிடுறேன். மாசம் 15,000 ரூபா, அது பிஆர் அண்ட் டிஜிட்டலுக்கு. ஷோ வருமானத்துல 20%. மூணு வருஷ அக்ரிமென்ட். பதிலுக்கு புக்கிங், ஃபோட்டோ ஷூட், ஆர்ட்டிஸ்ட் ப்ரொஃபைல், பாட்டு எல்லா ஆப்லயும் ஏத்துறது, ப்ளேலிஸ்ட் புஷ், பேட்டி ஏற்பாடு, ஷோவுக்கு கூட வர ஒரு ரோடு மேனேஜர். 20%ங்கிறது ஒண்ணும் அநியாயம் இல்ல, உலகம் பூரா மேனேஜருங்க 15லருந்து 20 வரைக்கும் வாங்குறதுதான். அதனால நாங்களும் சந்தோஷமா கையெழுத்து போட்டோம். 11 பக்க அக்ரிமென்ட்ட டீக்கடைல நின்னு ஃபோன்ல படிச்சோம், முழுசா படிச்சது ஒருத்தன்தான், எங்க ட்ரம்மர், அவன் ரெண்டு எடத்துல இடிக்குதுன்னு அப்பவே சொன்னான். கேக்காம விட்டுட்டோம், அந்த ரெண்டு எடமும் பின்னாடி வரும்.

நல்லதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நெஜமாவே நல்லது இருந்துச்சு. அதுக்கு முன்னாடி காலேஜ் கல்ச்சுரல்ஸ்னா 8,000 குடுப்பாங்க, அதையும் ரெண்டு மாசம் கழிச்சு, நடுவுல இருக்குற ஸ்டூடன்ட் கோஆர்டினேட்டர் ஃபோன எடுக்க மாட்டான், பாவம் அவனுக்கும் ஆஃபீஸ்ல செக் வந்திருக்காது. இவங்க வந்த மொத மூணு மாசத்துல நாலு ஷோ, எதுவும் 60,000க்கு கீழ இல்ல, பாதி அட்வான்ஸ் அக்கவுன்ட்ல விழுந்தாத்தான் தேதி லாக். போஸ்டர்ல எங்க பேரு எந்த சைஸ்ல வரணும்ங்கிறது வரைக்கும் மெயில்ல எழுதி வாங்குனாங்க. முக்கியமா டெக் ரைடர். அதாவது மேடைல எங்களுக்கு என்னென்ன வேணும், எத்தன மைக், எத்தன மானிட்டர் (நாம வாசிக்கிறது நமக்கே கேக்க மேடைல வைக்கிற ஸ்பீக்கரு), ட்ரம்ஸ் எங்க, கீபோர்ட சவுண்டு சிஸ்டத்தோட சேக்குற டிஐ பாக்ஸ் எத்தன, கரண்டு பாயின்ட் எந்தப் பக்கம்னு ஒரு பக்கத்துல படம் போட்டு முன்னாடியே அனுப்பி கையெழுத்து வாங்குற பேப்பரு. எங்களுக்கு அது வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது, போய் எறங்கி, இருக்குறத வச்சு சமாளிப்போம்.

திருச்சி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஷோ. சாயங்காலம் நாலு மணிக்கு சவுண்ட் செக்னு சொல்லி, சீஃப் கெஸ்ட் பேசி முடிக்க ஆறரை ஆயிடுச்சு. மேடைல பாத்தா அஞ்சு பேருக்கு ஒரே ஒரு மானிட்டர், அதுவும் தரைல ஒரு ஓரமா திரும்பி உக்காந்திருக்கு. எங்க பாடகருக்கு தன் கொரலு தனக்கே கேக்காது, அப்புறம் ஸ்ருதி எங்க நிக்கும். வழக்கமா நாங்க "பரவால்லண்ணே"னு ஏறியிருப்போம். ரோடு மேனேஜர் அக்கா நேரா சவுண்டுக்காரர் கிட்ட போனாங்க, கொரல ஒசத்தல, கைல ரைடர் பேப்பரு. "அண்ணே, வோக்கலுக்கு ஒண்ணு, ட்ரம்ஸுக்கு ஒண்ணு, சைடுல ரெண்டு. நாலு போட்டிருக்கோம், உங்க ஆளு கையெழுத்து இதுல இருக்கு. வண்டில இருக்கா, இல்ல கடைல இருந்து வரணுமா, அத மட்டும் சொல்லுங்க." வண்டிலதான் இருந்துச்சு, எறக்க சோம்பல். 20 நிமிஷத்துல நாலும் மேடைல. அன்னைக்கு நாங்க வாசிச்ச மாதிரி அதுக்கு முன்னாடி வாசிச்சதே இல்ல, நாம நல்லா வாசிக்கிற பேண்டுங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த அக்கா இன்னொன்னு பண்ணாங்க. எங்க பாட்டு பேஜுக்கு போற க்யூஆர் கோட ஸ்டிக்கரா அடிச்சு என் கீபோர்டு ஸ்டாண்டு முன்னாடி, ட்ரம்ஸ் பக்கம், வெளிய வர்ற வழில இருந்த தூண்லன்னு அஞ்சாறு எடத்துல ஒட்டிட்டாங்க. ஷோ முடிஞ்சதும் பசங்க வந்து "அந்த ரெண்டாவது பாட்டு பேரு என்னண்ணா"னு கேப்பாங்க, நாம சொல்லுவோம், ஸ்பெல்லிங் தெரியாம தேடி விட்ருவாங்க. அன்னைக்கு அப்படி விடல. மறுநாள் பாத்தா அந்த பாட்ட 340 பேரு சேவ் பண்ணியிருந்தாங்க, கேட்டவங்க ஊருன்னு பாத்தா திருச்சிதான். அடுத்த வாரமும் திருச்சில இருந்து கேட்டுட்டு இருந்தாங்க. ஸ்டிக்கர் அடிக்க ஆன செலவு 200 ரூபா. எங்க பேரு நாலு பேருக்கு தெரிய வந்துச்சுன்னா அது இந்த மாதிரி ராத்திரிகள்லதான்.

இப்போ டிஜிட்டல் பக்கம். நாலாவது மாசம் புதுப் பாட்டு விட்டோம். ஆஃபீஸ்ல இருந்து தினமும் ஸ்க்ரீன்ஷாட் வரும், 10,000 தாண்டிருச்சு, 20,000 தாண்டிருச்சுன்னு. வீட்ல எல்லாம் ஃபார்வேர்டு பண்ணி, எங்கம்மா தெருவுல எல்லாருக்கும் சொல்லி முடிச்சாச்சு. ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு தூக்கம் வராம ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொறந்து பாத்தேன், நம்ம பாட்ட யாரு எங்க இருந்து கேக்குறாங்கன்னு பாட்டு போடுறவங்களுக்கு காட்டுற எடம் அது. 21,000 ஸ்ட்ரீம். கேட்டவங்க எண்ணிக்கை 43. நாப்பத்தி மூணு பேரு. சேவ் பண்ணது அஞ்சு, அதுல மூணு எங்க பேண்டு பசங்களாத்தான் இருக்கணும். எந்த ஊர்னு பாத்தா முக்கால்வாசி நாம பேரே கேள்விப்படாத வெளிநாட்டு டவுனு ஒண்ணு. எங்கிருந்து வந்தாங்கன்னு பாத்தா ஒரே ஒரு ப்ளேலிஸ்ட்டு, அதுல எங்க பாட்டுக்கு மேல ஒரு போலிஷ் டெக்னோ, கீழ ஏதோ மழைச்சத்தம். 43 பேரு 21,000 தடவ கேட்டா ஆளுக்கு கிட்டத்தட்ட 490 தடவ. மனுஷங்க யாரும் அப்படி கேக்க மாட்டாங்க. ஸ்க்ரீன உத்துப் பாத்துட்டே உக்காந்திருந்தேன், அம்மாகிட்ட காலைல என்ன சொல்றதுன்னு தெரியல.

கேட்டதுக்கு ஆஃபீஸ்ல "இது எல்லாரும் பண்றதுதான் ப்ரோ, நம்பர் ஏறுனா அல்காரிதம் எடுத்துக்கும்"னாங்க. எடுத்துக்காது. 30 செகண்டு ஓடுனா ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, அத மிஷின் வச்சு ஓட்டுறத கண்டுபுடிக்கிறதுக்குன்னே அவங்க தனியா டீம் வச்சிருக்காங்க. 2024லருந்து ரூல் இன்னும் டைட்டு. ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டலைன்னா அதுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கெடையாது. போலி ஸ்ட்ரீம் அப்பட்டமா தெரிஞ்சா அந்த பாட்டுக்கு இவ்ளோன்னு டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட, அதாவது நம்ம பாட்ட ஆப்ல ஏத்தி விடுற கம்பெனி கிட்ட, அபராதம் போடுறாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் அத நம்ம தலைல கட்டுவான், இல்லன்னா பாட்டையே தூக்கிருவான். எங்களுக்கு தூக்கிட்டாங்க. ஆறு மாசம் உக்காந்து மிக்ஸ் பண்ண பாட்டு ஒரு வியாழக்கிழமை காலைல லிங்க்க அமுக்குனா வரல. அதுல இருந்த போலி 21,000 போனா போகட்டும், நான் அந்த கணக்க பாத்ததுக்கு அப்புறம் நடந்த அந்த திருச்சி ஷோல நெஜமா கேட்டு சேவ் பண்ணி வச்சிருந்த பசங்க ஃபோன்ல பாட்டு சாம்பல் கலராயிடுச்சு, அதுதான் இன்னைக்கும் உறுத்துது. அவங்களுக்கு நாங்க என்னன்னு போய் சொல்றது.

இத்தனைக்கும் ஒழுங்கான வழி ஃப்ரீயாவே இருக்கு. பாட்டு ரிலீஸ் ஆகுறதுக்கு குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல போயி நாமளே அந்த பாட்ட அவங்க எடிட்டர்களுக்கு பிட்ச் பண்ணலாம், எடிட்டர் எடுக்காட்டியும் நம்மள ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ல, அதாவது ஆளாளுக்கு புதுப் பாட்டு காட்டுற ப்ளேலிஸ்ட்ல, அந்த பாட்டு போயிடும். கம்பெனி எங்களுக்கு அத பண்ணவே இல்ல, ஏன்னா பாட்ட ரிலீசுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஏத்துனாங்க. மாசம் 15,000 வாங்குற டீமு ஏழு நாள் முன்னாடி ஒரு ஃபார்ம் நெரப்பல. ப்ளேலிஸ்ட்ல எடம் கேரண்டினு யாராவது சொன்னா அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க, காசு வாங்கிட்டு எடம் குடுக்கக் கூடாதுங்கிறது அந்த ஆப்போட ரூலு.

பாட்டு தூக்குனப்புறம்தான் ட்ரம்மர் அன்னைக்கு இடிக்குதுன்னு சொன்ன மொத விஷயம் வெளிய வந்துச்சு. பாட்ட திரும்ப ஏத்தலாம்னு பாத்தா டிஸ்ட்ரிபியூட்டர் அக்கவுன்ட் எங்க பேர்ல இல்ல, கம்பெனி பேர்ல. ஸ்பாட்டிஃபை ஆர்ட்டிஸ்ட் பேஜுல அட்மினு அவங்க, நாங்க வெறும் பாக்குறவங்க. யூடியூப் சேனல்ல ஓனரு அவங்க. அதுல ஒரு கொடுமை, எங்க ட்ரம்மரு தன் சொந்த சேனல்ல எங்க லைவ் வீடியோ ஒண்ணு போட்டான், ரெண்டு மணி நேரத்துல கான்டென்ட் ஐடி க்ளெய்ம் (யூடியூப் பாட்ட தானா கண்டுபுடிச்சு ஓனருக்கு உரிமை சொல்ற முறை), எங்க பாட்டுக்கு எங்க மேலயே, விளம்பரக் காசு கம்பெனிக்கு. அக்ரிமென்ட்ல "டிஜிட்டல் சொத்துகளை நிர்வகிக்கும் உரிமை"னு ஒரு வரி இருந்துச்சு, நிர்வகிக்கிறதுன்னா பாஸ்வேர்டு அவங்க கிட்ட இருக்கும்னு நெனச்சோம். நிர்வாகம் வேற சொத்து வேற, அது ரெண்டையும் ஒரே வரில போட்டு வாங்குனா கையெழுத்து போடாதீங்க. அக்கவுன்ட் எல்லாம் நம்ம மெயில் ஐடில இருக்கணும், அவங்களுக்கு வேலை செய்ற அளவுக்கு ஆக்சஸ் குடுத்தா போதும், ஸ்பாட்டிஃபை, யூடியூப் ரெண்டுலயும் அந்த வசதி இருக்கு.

இங்க எங்க பெரியப்பாவ பத்தி சொல்லணும். திண்டுக்கல் பக்கம் 30 வருஷம் மெல்லிசை பார்ட்டிகளுக்கு புக்கிங் பாத்தவரு. சித்திரை, வைகாசி, ஆடின்னு திருவிழா சீசன்ல ஒரே ராத்திரில மூணு ஊருக்கு மூணு பார்ட்டி அனுப்புவாரு. ஊர்க்காரங்க வீட்டுக்கு வந்து வெத்தலை பாக்கோட அட்வான்ஸ் வைப்பாங்க. அவர்கிட்ட நீளமா ஒரு நோட்டு இருக்கும், தேதி, ஊரு, பார்ட்டி, அட்வான்ஸ், பாக்கி, வண்டி, சவுண்டு, பேட்டா, கடைசி கட்டத்துல அவரு கமிஷன். நான் ஒரு நாள் புலம்பிட்டு இருந்தப்போ கேட்டாரு, "ஏன்டா, கமிஷன் எதுல எடுக்குறாங்க, மொத்தத்துலயா மிச்சத்துலயா?" எனக்கு பதில் தெரியல. "மிச்சத்துலதான் இருக்கும் பெரியப்பா"ன்னேன். "இருக்கும்னா? அந்த பேப்பர கொண்டா."

மொத்தத்துல. அதுதான் ட்ரம்மர் சொன்ன ரெண்டாவது எடம். 80,000 ரூபா ஷோ ஒண்ண அவரு நோட்டுலயே எழுதிக் காமிச்சாரு. வேன் 14,000, எங்க சொந்த சவுண்டு இன்ஜினியருக்கு 6,000, ரூமு சாப்பாடு 9,000. ஆக செலவு 29,000, மிச்சம் 51,000. மிச்சத்துல 20%னா கமிஷன் 10,200. இவங்க எடுத்தது மொத்த 80,000க்கும் 20%, 16,000. மீதி 35,000. அந்த மாசம் ஒரே ஷோதான், அதுல மாசச் சந்தா 15,000 போச்சு, 20,000. இதோட நிக்கல, காலேஜ் 80,000 குடுக்கும்போது 10% டிடிஎஸ் 8,000 புடிச்சுட்டு 72,000தான் குடுத்தாங்க, அந்த 8,000 எங்க பங்குல கழிஞ்சுது. ஆனா பில்லு கம்பெனி பேர்ல போனதால டிடிஎஸ் கம்பெனி பேன் நம்பர்ல வரவு, ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்குறதும் அவங்கதான். எங்களுக்கு 12,000. அஞ்சு பேருக்கு ஆளுக்கு 2,400. மதுரைல கிளம்பி ரெண்டு நாளு, ராத்திரி பூரா வேன்ல முழிச்சுக்கிட்டு, 2,400. கம்பெனிக்கு அதே ஷோவுல சந்தாவோட சேத்து 31,000, கூட அந்த 8,000. எங்கள விட எங்க வாசிப்புல அவங்க மூணு மடங்குக்கு மேல சம்பாதிச்சிருக்காங்க. பெரியப்பா நோட்ட மூடிட்டு ஒண்ணும் சொல்லல, பெரியம்மாவ கூப்பிட்டு எனக்கு சாப்பாடு போட சொன்னாரு.

ஆர்ட்டிஸ்ட விட அதிகமா சம்பாதிச்ச மேனேஜர்னு தேடுனா நம்ம கதை ஒண்ணும் புதுசு இல்லன்னு தெரியுது. எல்விஸ் ப்ரெஸ்லியோட மேனேஜரு கர்னல் பார்க்கர் 1967ல போட்ட டீல்ல 50% வரைக்கும் வாங்கிட்டு இருந்தாரு, எல்விஸ் செத்தப்புறம் அது கோர்ட் வரைக்கும் போச்சு. கொரியால டிவிஎக்ஸ்க்யூ பேண்டுல மூணு பேரு 2009ல 13 வருஷ அக்ரிமென்ட் அடிமைத்தனம்னு கேஸ் போட்டாங்க, அதே வருஷம் அந்த நாட்டு ஃபேர் ட்ரேட் கமிஷன் ஏழு வருஷத்துக்கு மேல போகாதபடி ஒரு முன்மாதிரி அக்ரிமென்ட் கொண்டு வந்துச்சு. அவ்ளோ பெரிய பேரு இருந்தவங்களுக்கே அப்படின்னா பேரே இல்லாத நம்மகிட்ட என்ன வேணா எழுதி வாங்குவாங்க, அதனால நாமதான் கேக்கணும். அக்ரிமென்ட் முடிஞ்ச பிறகும் கமிஷன் எவ்ளோ நாளு, எவ்ளோ பர்சன்ட்னு கேளுங்க. மொத வருஷம் 10, அடுத்த வருஷம் 5ன்னு கொறஞ்சுட்டே போயி நின்னுடணும், சன்செட் க்ளாஸ்னு சொல்லுவாங்க. எங்களோடதுல ரெண்டு வருஷத்துக்கு முழு 20%, அவங்க ஒரு தடவ அறிமுகப்படுத்துன காலேஜ் எதுல வாசிச்சாலும். அந்த ஒரு க்ளாஸ்தான் இப்போ வரைக்கும் பேச்சுவார்த்தைல நிக்குது.

க்ரெடிட் விஷயம் தனியா சொல்லணும், இது காச விட பெருசு எனக்கு. புதுப் பாட்டு ரிலீஸ் போஸ்டர்ல எழுதுனவங்க பேரு இல்ல. ஆப்ல போயி பாட்டோட க்ரெடிட்ஸ் பாத்தா பாடகர் பேரு இருக்கு, லிரிக்ஸ்ங்கிற எடத்துல கம்பெனி பேரு. டீச்சர் ஃபோன் பண்ணி "பரவால்ல தம்பி, பாட்டு நல்லா வந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க, அவங்க க்ளாஸ் பிள்ளைங்களுக்கு போட்டுக் காட்டலாம்னு நெனச்சிருந்தாங்களாம். எனக்கு கூனிக்குறுகிப் போச்சு. 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டைல பாடகி தீ, ராப்பர் ஷான் வின்சென்ட் டி பால் படம் இருந்து ராப்பர் அறிவு படம் இல்லாம வந்தது ஞாபகம் இருக்கும், அறிவு எழுதுன பாட்டுகள முன்னாடி வச்சு வந்த அட்டை அது. பா.ரஞ்சித் பகிரங்கமா கேட்டாரு, அப்புறம்தான் அறிவுக்கு தனியா டிஜிட்டல் அட்டை போட்டாங்க. அவ்ளோ ஊரறிஞ்ச பாட்டுக்காரருக்கே அப்படி ஆச்சு, மேலூர் டீச்சருக்கு யாரு கேப்பாங்க, நாங்கதான கேக்கணும். கேட்டோம். போஸ்டர மாத்துனாங்க, மெட்டாடேட்டாவ, அதாவது ஆப்ல பாட்டோட சேந்து இருக்குற பேரு விவரத்த, மாத்த ஏழு வாரம் ஆச்சு.

மெட்டாடேட்டால பேரு இருக்கணும்னு நான் அடம் புடிச்சதுக்கு காரணம் மரியாதை மட்டும் இல்ல. பாட்டோட ரெக்கார்டிங் காசு ஒரு வழில வரும், அது டிஸ்ட்ரிபியூட்டர் வழியா. எழுதுனவங்களுக்கும் மெட்டு போட்டவங்களுக்கும் சேர வேண்டிய காசு வேற வழில, இந்தியால அது ஐபிஆர்எஸ்ங்கிற ராயல்டி சொசைட்டி வழியா வரும், நாமளா மெம்பராகி பாட்ட அங்க பதிஞ்சாத்தான் வரும். எங்க 14 மாசத்துல ஐபிஆர்எஸ்ங்கிற வார்த்தையவே கம்பெனி ஒரு தடவ கூட சொல்லல. அக்ரிமென்ட்ல எல்லா உரிமையும் எல்லா காலத்துக்கும்னு ஒரு க்ளாஸ் இருந்துச்சு, டீச்சர் அத பாத்துட்டு எல்லாம் போச்சுன்னு நெனச்சுட்டாங்க. அப்படி போகாது. 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனாங்க, அதுக்கப்புறம் எழுதுனவங்க, மெட்டு போட்டவங்க காப்பிரைட்டயே எழுதிக் குடுத்தாலும் ராயல்டில சம பங்கு வாங்குற உரிமைய விட்டுக் குடுக்க முடியாது, வாரிசுக்கோ ஐபிஆர்எஸ் மாதிரி சொசைட்டிக்கோ மட்டும்தான் குடுக்கலாம், வேற யாரு எழுதி வாங்குனாலும் செல்லாது. வக்கீல் இத சொன்னப்போ டீச்சர் முகத்த நீங்க பாத்திருக்கணும். டீச்சரும் மெட்டு போடுற எங்க கிடாரிஸ்டும் இப்போ மெம்பர், பழைய பாட்டு எல்லாம் பதிஞ்சாச்சு.

பேட்டி, பிஆர் எல்லாம் சுமார். ரெண்டு யூடியூப் சேனல், ஒரு எஃப்எம், கேட்ட கேள்வி எல்லாம் பேண்டு பேரு எப்படி வந்துச்சுங்கிறதுதான். ஃபோட்டோ ஷூட் நல்லா இருந்துச்சு, அந்த படங்கள இன்னைக்கும் யூஸ் பண்றோம்.

வெளிய வந்த கதை சுருக்கமா. வக்கீல் நோட்டீஸ், ரெண்டு மீட்டிங், அப்புறம் அக்கவுன்ட் எல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப வந்துச்சு. இதுல ஒரு டிப்ஸ், பாட்ட வேற டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாத்தும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் இருக்குற ஐஎஸ்ஆர்சி நம்பர், 12 எழுத்து நம்பர் சேந்தது, அதே நம்பர போட்டு அதே ஆடியோ ஃபைல ஏத்தணும், அப்பதான் பழைய ஸ்ட்ரீம் கணக்கும் மத்தவங்க ப்ளேலிஸ்ட்ல நம்ம எடமும் நிக்கும். புது நம்பர் போட்டா பூஜ்யத்துல இருந்து. கம்பெனில கேட்டா இன்னைக்கு தர்றோம் நாளைக்கு தர்றோம்னு ஒரு மாசம் இழுத்தாங்க. கடைசில ஐஎஃப்பிஐங்கிற உலக ரெக்கார்டிங் கம்பெனிகள் சங்கத்தோட ஐஎஸ்ஆர்சி தேடுற சைட்டு ஃப்ரீயா இருக்குன்னு தெரிஞ்சு, பாட்டு பேரப் போட்டு நாங்களே அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டோம். தூக்குன அந்த ஒரு பாட்டு மட்டும் திரும்ப பூஜ்யத்துல இருந்துதான் போகுது, இப்போ 6,000 கிட்ட இருக்கு. ஊரு எல்லாம் மதுரை, திருச்சி, சென்னை, கொஞ்சம் கோலாலம்பூர். நான் தினமும் பாக்குறேன்.

மார்க்கு போடணும்னா ஷோ பக்கத்துக்கு 5க்கு 5, மனசார. புக்கிங்குக்கு 4, அட்வான்ஸ் வாங்குற ஒழுங்குக்காகவே. டிஜிட்டலுக்கு 0. கணக்கு வழக்குக்கு 0, 14 மாசத்துல ஒரு தடவ கூட நாங்க கேக்காம ஒரு ஸ்டேட்மென்ட் வரல, கேட்டப்போ வந்ததுல கூட்டலே தப்பு. மேனேஜரே வேணாம்னு நான் சொல்ல வரல. வேணும், கண்டிப்பா வேணும், நாங்க அஞ்சு பேரும் சேந்தாலும் அந்த அக்கா சவுண்டுக்காரர் கிட்ட பேசுன மாதிரி பேச எங்களுக்கு வராது. ஆனா மாசம் முடிஞ்சா நோட்ட நீட்டிக் காட்டுற ஆளா இருக்கணும், கமிஷன் மிச்சத்துல இருக்கணும், மாசச் சந்தா வாங்குனா என்ன வேலை எந்த தேதிக்குள்ளன்னு எழுத்துல இருக்கணும், பாட்டும் அக்கவுன்ட்டும் நம்ம பேர்ல இருக்கணும். இந்த நாலும் சரின்னா 20% இல்ல 25% கூட குடுக்கலாம், நான் குடுப்பேன்.

அந்த அக்காவும் நாலு மாசம் முன்னாடி அங்க இருந்து வெளிய வந்துட்டாங்க, தனியா பண்றாங்க. எங்களுக்கு ஷோவுக்கு ஷோ வர்றாங்க, செலவு போக மிச்சத்துல 15%, மறுநாள் வாட்ஸ்அப்ல எக்ஸல் ஷீட்டு. பெரியப்பா அந்த ஷீட்ட ஃபோன்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு "பாக்கி கட்டம் எங்கம்மா?"ன்னு அவங்களுக்கே ஃபோன் போட்டுக் கேட்டாரு, அடுத்த ஷீட்டுல இருந்து பாக்கி கட்டமும் வருது. அடுத்த மாசம் மறுபடி திருச்சில வாசிக்கிறோம், வேற காலேஜ். டெக் ரைடர் போன வாரமே போயாச்சு, நாலு மானிட்டர் கேட்டிருக்கோம், ஸ்டிக்கர் 50 அடிச்சு வச்சாச்சு.